பெரிய பூ, சின்னப் பூ

அன்று மதியம் செம்பனைக்காட்டு வாய்க்கால் ஓரத்தில் அம்மா இருந்தார், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் இருந்தார், பகாவ் நகரத்து ஆபீஸிலிருந்து வந்த மேற்பார்வையாளர் இருந்தார், விடுப்பில் வந்திருந்த நானும் இருந்தேன். இருக்க வேண்டியவர் இல்லை. பெரிய பூச்செடியை விட்டுவிடச் சொன்ன உதவி மேலாளர், எங்கள் பேச்சில் சின்ன துரை, அதற்குள் ரெம்பாவ் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார்.

வாய்க்காலில் இரண்டு வகை நீர்க்கிராம்பு முளைக்கிறது. இரண்டுக்கும் நான்கு மஞ்சள் இதழ்கள். ஒன்றின் பூ ஐம்பது காசை மறைக்கும். மற்றது சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. செம்பனை ஓலையைத் தின்னும் புழுவைப் பிடிக்கும் குளவிகள் பெரிய பூவுக்கு வருகின்றன, சின்னதற்கு மட்டும் களை மருந்தடியுங்கள் என்று சின்ன துரை மண்டோரின் போனுக்குப் படம் அனுப்பினார். மண்டோர் அதைக் காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது, எல்லோருக்கும் காட்டினார். அம்மா முதுகில் மருந்து டாங்கியோடு செடி செடியாகக் குனிந்து பார்த்து அப்படியே செய்தார்.

மேற்பார்வையாளர் கண்ணில் பட்டது பாதி கருகி, பாதி பச்சையாக நின்ற வாய்க்கால்.

“என்னம்மா, பாதி வேலைக்குப் பாதி சம்பளம் போதுமா?”

“சின்ன தொரைதான் பெரிய பூவ விடச் சொன்னாரு சார். மண்டோர்கிட்ட படம் இருக்கு.”

மண்டோர் போனை நீட்டினார்.

“படத்துல பூ இருக்கு. இங்க எங்கம்மா பூ?”

பூ இல்லை. அந்தியில் மலரும் செடிகளின் குடும்பம் என்று டிப்ளோமாவில் படித்தேன். ஆனால் இவை காலையில் மலர்ந்து மதியத்துக்குள் உதிர்ந்துவிடும்.

“காய் இருக்கே சார்,” என்று இரண்டையும் ஒடித்துக் காட்டினேன். பெரியதன் காய் காம்போடு தடித்து, பாதி விரல் நீளம். சின்னதன் காய் ஊசிபோல் மெலிந்து தண்டோடு ஒட்டியிருந்தது. அவர் கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

“நீ படிச்சவன்லா தம்பி. எனக்கு ரெண்டும் புல்லுதான்.”

“அப்ப நாளைக்குக் காலையில வந்து பாருங்க சார்.”

“ஏன், பூ பூக்குற நேரம் பாத்துத்தான் நான் வேலைக்கு வரணுமா?”

மண்டோர் சிரித்தார். உத்தரவு வந்தது அவர் போனில், ஆட்களுக்குச் சொன்னது அவர் வாய். அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை, விட்ட செடிகளை அம்மாவே கையால் பிடுங்க வேண்டும் என்று உத்தரவு. நானும் போனேன். வாய்க்கால் முழுக்க மஞ்சள், அதன்மேல் குளவிகள்.

“போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பட்டுமாம்மா?”

“அனுப்பி? இது எந்தக் காட்டுல எடுத்ததுன்னு கேப்பான். குனிஞ்சு புடுங்குடா.”

இருந்தும் அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. மாதக் கடைசியில் அம்மாவின் சம்பளத்தில் இரண்டு நாள் கூலியைப் பிடித்திருந்தார்கள்: நூற்று முப்பது ரிங்கிட்.