கம்பி டில்லியுடையது, கம்பம் நட்ட மண் மெட்ராசுடையது

டெலிபோன் லைன்மேன் வேலையில் கம்பத்தில் ஏறுவது சுலபம். அந்தக் கம்பத்தை எங்கே நடலாம் என்று தெரிந்துகொள்வதற்குள்தான் தலை நரைத்துவிடும். அறுபதுகளின் கடைசியிலிருந்து கடம்பத்தூர்ப் பக்கம் கம்பி இழுத்தவன் நான். ஏதாவது ஒரு ஆபீஸ் வாசலில் 'இது எங்க இலாகா இல்லீங்க' என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிய அனைவரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டெலிபோனும் ரயிலும் டில்லி சர்க்கார். ஆஸ்பத்திரி, நிலம், ஊர் ரோடு எல்லாம் மெட்ராஸ் சர்க்கார். மின்சாரம் இரண்டு பேருக்கும் பொது என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதாம். பொது என்றால் இரண்டு பேரும் ஓடி வருவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

சீக்கிரம் வந்துடும்

ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. இரண்டு கட்டில், ஒரு நர்ஸ். பெயர் சரோஜா. ஒரு மழைக்காலத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகி, திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரி வேனைக் கூப்பிட சைக்கிளில் ஆள் அனுப்பினார்கள். வேன் வருவதற்குள் அந்தப் பெண்ணின் உயிர் போய்விட்டது. மறுநாளே நர்ஸம்மா டெலிபோன் கேட்டு எழுதிப் போட்டார்.

மெட்ராஸ் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு டில்லி சர்க்கார் டெலிபோன் வேண்டுமென்றால் மேலதிகாரி கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பியது. கையெழுத்தோடு போனது. படிவம் பழசு என்று மறுபடியும் திரும்பியது. இடம் பார்க்க நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு வருஷம் ஓடியிருந்தது. அளந்து முடித்து, "சீக்கிரம் வந்துடும்மா" என்றேன். நர்ஸம்மா கை கழுவிக்கொண்டே சொன்னார்: "வலியெடுத்து வர்றவங்ககிட்ட நானும் அதைத்தாங்க சொல்றேன். ஆனா கூடவே உக்காந்துக்கினு சொல்றேன்."

புளியங்கிளை

ரோட்டோரப் புளியமரங்கள் மெட்ராஸ் சர்க்காருடையவை. காய்ப்பை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். என் கம்பியில் படுகிற கிளையை வெட்ட எனக்கு அதிகாரம் உண்டு. வெட்டின கிளை அவர்கள் சொத்து, அதில் கை வைக்காதே என்று எங்கள் மேஸ்திரி சொல்லியிருந்தார். நான் சொன்ன சொல் தட்டாதவன். வெட்டினேன், விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மூன்று நாள் கழித்துப் போனால் கிளை அப்படியே ரோட்டை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. மாட்டுவண்டிகள் வயலில் இறங்கிச் சுற்றிப் போகின்றன. ஏலம் எடுத்த கோவிந்தசாமி என் சைக்கிளைப் பிடித்து நிறுத்திவிட்டார். "ரோடு அவுங்களுது, கம்பி உங்களுது. காயி ஒண்ணுதான் என்னுதுன்னு டப்பு கட்டி எடுத்தேன். அத்தையும் வெட்டி நடுரோட்ல போட்டுட்டியே நைனா!"

ஒரே குழம்பு

ஆஸ்பத்திரிக்குப் புதுக் கம்பி போகிற வழியில் மின்சாரக் கம்பி குறுக்கே போயிற்று. அதன் கீழ் வேலை செய்ய ஒரு மணி நேரம் கரண்டை நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டியவன் முனிரத்தினம். மின்சார லைன்மேன், என் தங்கை வள்ளியின் புருஷன். மணவாள நகரில் நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். சாப்பிடும்போது, "மச்சான், நாளைக்கு ஒரு மணி நேரம் நிறுத்து" என்றேன். "உங்க ஆபீஸ்லேர்ந்து எங்க ஆபீசுக்கு லெட்டர் வரட்டும் மச்சான்" என்று அப்பளத்தை நொறுக்கினான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. ஏதாவது ஆனால் அவன் வேலை போய்விடும். லெட்டர் மெட்ராஸ் போய்த் திருவள்ளூர் வந்தது. குறித்த தேதியில் எங்களுக்கு லீவு. மாற்றிக் குறித்த தேதியில் அவர்களுக்கு லீவு. இதற்குள் அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. நர்ஸம்மா எதிரே வந்தால் நான் சைக்கிளை வேறு தெருவில் திருப்புவேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது. வள்ளிதான் ஒருநாள் கரண்டியோடு வந்து நின்றாள். "ஒரே ஊட்ல ஒரே கொழம்ப ஊத்திக்கினு, கரண்ட நிறுத்த மெட்ராஸ்லேர்ந்து கடுதாசி வரணுமா? இன்னா பேஜாரு இது? என் கல்யாணத்துக்குக்கூட இத்தினி பேர கேக்கலியே!"

எந்த இடம்?

கடைசியாகக் கம்பி ரயில்பாதையைத் தாண்ட வேண்டும். ரயிலும் டில்லிதானே, நம் ஆட்கள்தானே என்று தைரியமாக இருந்தேன். அந்த நம் ஆட்கள்தான் மற்ற எல்லாரையும்விட அதிகமாகக் காக்கவைத்தார்கள். ஒருவழியாக டெலிபோன் வந்தது. நர்ஸம்மா அதை முந்தானையால் துடைத்து, மருந்து அலமாரிப் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த வாரமே ராஜம்மா என்ற பெண்ணுக்குச் சிக்கல். நர்ஸம்மா போன் போட்டார், வேன் உடனே கிளம்பியது. நர்ஸம்மாவும் ராஜம்மாவும் மாட்டுவண்டியில் வேனை எதிர்கொண்டு போனார்கள். நடுவில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தது. வேன் அந்தப் பக்கம், ராஜம்மா இந்தப் பக்கம். கேட் ஓரக் கம்பத்தின் உச்சியில் நான். என் கம்பி ஒழுங்காக வேலை செய்துவிட்டது, கேட்தான் திறக்கவில்லை. கேட்காரர் தன் அறையைத் திறந்துவிட்டார். நர்ஸம்மா ராஜம்மாவை உள்ளே கூட்டிப்போனார். நான் இறங்கி வந்து நின்றேன். கூட்ஸ் வண்டி நகர்வதற்குள் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. தாயும் பிழைத்தாள். நான் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன், சொல்வதற்கென்ன.

பிறப்பை எழுதக் கிராம முன்சீப்பிடம் போனோம். நான் சாட்சி. "கேட் ரூம் ரயில்வே இடம். என் கிராமத்துல பொறந்ததா நான் எப்பிடி எழுதறது?" என்று அவர் பேனாவை மூடிவிட்டார். ராஜம்மா பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "எந்த சர்க்காரு எடத்துல பொறந்தா இன்னாங்க? பசிச்சா என்கிட்டதானே அழுவப்போவுது!"

அதிகாரங்களுக்கு டில்லிக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, பொதுவில் ஒன்று என்று மூன்று பட்டியல் உண்டு எனப் படித்தவர்கள் சொல்கிறார்கள். கேட்டுக்கு இந்தப் பக்கம் காத்துக் கிடந்தவர்களின் பட்டியல் எங்கள் நர்ஸம்மாவிடம் மட்டும்தான் இருந்தது.