உறை ஊற்றிய பெட்ரோல்

நம் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, மழை படாத மூலையில், ஒரு தடித்த கண்ணாடிப் போத்தல் இருப்பதை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். அதன் அடியில் வெற்றிலைச் சாறு காய்ந்தது போல ஒரு சிவப்பு வளையம் தெரியும். சின்னவள் ஒருமுறை அதில் பூ வைக்கலாமா என்று கேட்டாள். "அதுல கை வெச்சே, பெரிய மாமா சண்டைக்கு வந்துருவாரு" என்று உங்கள் அம்மா சொல்லி நிறுத்திக்கொண்டாள். மீதியை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தவன். எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் தெரிந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தனை காலம் ஆகியும் அந்தப் போத்தலைப் பார்த்தால் எனக்குக் காது சூடாகிறது.

யுத்தத்தில் ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்கள் முன்பு, உங்கள் அம்மாவின் அண்ணனாகிய பெரிய மாமாவும் நானும் லாபிஸில் கூட்டாக ஒரு வாடகைக் கார் ஓட்டினோம். ஊருக்குத் திரும்பிப் போன யாழ்ப்பாணத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, ஒருவரிடம் வாங்கிய பழைய வண்டி. மேலே கித்தான் கூரை; மழை பெய்தால் உள்ளே இருப்பவர்களும் குடை பிடிக்க வேண்டும். பக்கத்து ஊர்களான சிகாமட்டுக்கும் சாஆவுக்கும் ஆள் ஏற்றினோம். சாப்பாட்டுக்குக் குறைவில்லாமல்தான் இருந்தது. பிறகு அந்தப் பாதையில் பஸ் வந்தது. வழக்கமாக எங்களுக்குக் கை காட்டியவர்கள் எல்லாம் எங்களைப் பார்க்காதது போல வானத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் சாஆ போகும் வழியில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், வாரந்தோறும் நோயாளிகளைச் சிகாமட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு கார் வேண்டும் என்று அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை தேடினார். தோட்டத்து மருந்துக் கொட்டகை மேட்டின் உச்சியில் இருந்தது. செம்மண் பாதை, மழைக்காலத்தில் நண்டுகூட வழுக்கும். நான்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு நடுவில் நிற்காமல் மேட்டில் ஏறிக் காட்டும் வண்டிக்கு வேலை என்று துரை சொல்லிவிட்டார். பாலோ என்ற ஊரிலிருந்து இன்னொரு வண்டியும் வருவதாகப் பேச்சு. அந்த வேலை கிடைத்தால் வண்டி எங்களிடம் இருக்கும். கிடைக்காவிட்டால் வண்டியை விற்றுவிட்டு இரண்டு பேரும் ரப்பர்ப் பால் வெட்டப் போக வேண்டியதுதான். அம்மாவுக்கு அப்போது பெரியவன் வயிற்றில் இருந்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் சிகாமட்டில் சிவப்புப் பெட்ரோல் வந்து சேர்ந்தது. அதுவரை நாங்கள் பெட்ரோலை, எங்கள் பேச்சில் எண்ணெயை, தகர டின்னில் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தோம். சீனத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, தன் கடை வாசலில் புதிதாக ஒரு பம்பு வைத்தார். மேலே கண்ணாடிக் குழாய். கையால் அடித்தால் உள்ளே பெட்ரோல் சர்பத்து மாதிரி சிவப்பாக ஏறும். விலை கூடுதல், புது வண்டிகளுக்கு நல்ல பலம் தரும் என்று விளம்பரம். மாமா அந்தக் குழாய் முன்னால் கோவிலில் நிற்பது போல நின்றார்.

"மாப்ளே, ரத்தம் மாதிரி இருக்கு பாத்தீங்களா? இத குடிச்சா கட்ட வண்டியும் பறக்கும்."

பக்கத்துப் பட்டறையில் இருந்த சீன மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் எங்கள் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து சிரித்தார். "கிரேத்தா துவா லா. சாமா சாஜா." கிழட்டு வண்டிக்கு எதை ஊற்றினாலும் ஒன்றுதான் என்று அர்த்தம். பிறகு எனக்குப் புரியும்படி சொன்னார்: புது எஞ்சின் பெட்ரோலைப் போட்டு அழுத்து அழுத்தென்று அழுத்தும், அந்த அழுத்தத்தில் சாதாப் பெட்ரோல் முன்னதாகவே வெடித்து டக்டக் என்று இடிக்கும், அந்த இடிப்புக்குத்தான் சிவப்பு மருந்து. எங்கள் எஞ்சின் அவ்வளவு அழுத்துவதே இல்லை. தலைவலி இல்லாதவன் தலைவலி மாத்திரை தின்பதால் பலசாலி ஆவானா? இதை நான் மாமாவிடம் சொன்னபோது, "அவனுக்குப் பொறாமை" என்றார். பட்டறைக்காரருக்குப் பெட்ரோல் மேல் என்ன பொறாமை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வாங்கிய சிவப்பையும் சும்மா ஊற்றியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். விலை கூடுதல் என்பதால் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு போத்தல் சிவப்பு வாங்கி வந்து, சாயங்காலம் சாதாப் பெட்ரோல் டின்னில் ஒரு கரண்டி ஊற்றி, மூங்கில் குச்சியால் கலக்கி, சாக்கைப் போட்டு மூடி வைத்தார்.

"என்ன மச்சான் இது?"

"உறை ஊத்துறேன். பாலுக்குக் கொஞ்சம் தயிர் ஊத்துனா அத்தனையும் தயிராவுது இல்ல? காலைல பாருங்க, டின் பூரா செகப்பு எண்ணெயா மாறியிருக்கும்."

"அண்ணே, அது பெட்ரோலு. பாலு இல்ல" என்றாள் உங்கள் அம்மா.

"நீ டின்னை ஆட்டாத. உறை கலைஞ்சிரும்."

காலையில் சாக்கை விலக்கிப் பார்த்தார். லேசாக ரோஜா நிறம். "இன்னும் சரியா உறையல. நேத்து குளிர் அதிகம்" என்றார். நான் என் தலையில் அடித்துக்கொண்டதை அவர் கொசு அடித்ததாக நினைத்துக்கொண்டார். அந்த உறைப் போத்தல்தான் ஜன்னலில் இருப்பது. அடுப்புப் பக்கம் வைத்தால் வீடே போய்விடும் என்று அம்மா கத்திய பிறகுதான் அது வெளியே போனது.

வண்டி ஏன் இழுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மாமா ஓட்டும்போது கை பிரேக்கை முழுவதும் இறக்க மாட்டார். பாதி இழுத்தபடியே ஓட்டுவார். சக்கரம் ஒரு பக்கம் ஓடப் பார்க்கும். பிரேக் ஒரு பக்கம் பிடித்து நிறுத்தப் பார்க்கும். நடுவில் பெட்ரோல் தண்ணீராய்ச் செலவாகும். எஞ்சின் கொதித்து மூடி வழியாக ஆவி விடும். பிரேக் கருகி நாறும். "இது என்ன நாத்தம் மச்சான்?" என்றால், "சாதா எண்ணெயோட நாத்தம்" என்பார். பிரேக்கை இறக்குங்கள் என்றால், "கொஞ்சம் இழுத்து வெச்சாத்தான் வண்டி நம்ம பேச்சக் கேக்கும்" என்பார். கேட்பதற்கு வண்டி நகர வேண்டுமே!

துரை சொன்ன நாள் நெருங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. ரயில் பாதையில் தண்ணீர் ஏறி, சாமான் வண்டி வரவில்லை. தவுக்கேயின் கண்ணாடிக் குழாய் வெறும் குழாயாக நின்றது. போத்தலிலும் உறைக்குக்கூட மிச்சமில்லை. அன்று காலையில் மாமா கைலியை மாற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"செகப்பு இல்லாம மேடு ஏறாது. நான் வரல."

கெஞ்சினேன். திட்டினேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, "அண்ணே, இது போனா நாங்க என்ன பண்றது?" என்றாள். அவர் தரையைப் பார்த்தார். கடைசியில், "மாப்ளே ஓட்டட்டும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார். எனக்கு ஓட்டத் தெரியும். ஆனால் அவர் இருக்கும்போது அதுவரை ஓட்டவிட்டதில்லை.

நாங்கள் மேட்டடிக்குப் போனபோது பாலோக்காரர் வண்டி ஏற்கெனவே சேற்றில் பாதி வழியில் நின்றுவிட, ஆட்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். துரை மேலே குடையோடு நின்றார். அவர்கள் ஒதுங்கியதும், பின்னால் தோட்டத்து ஆட்கள் நால்வரை ஏற்றிக்கொண்டு, டின்னில் வாங்கிய சாதாப் பெட்ரோலோடு, கை பிரேக்கை அடிவரை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தேன். வண்டி முனகியது, ஆனால் ஏறியது. பாதி மேட்டில் சக்கரம் ஒரு கணம் வழுக்கியபோது, மாமாவின் கை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த பிரேக்குக்குப் பாய்ந்தது. நான் அந்தக் கையின் மேல் என் கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"மச்சான், கையெடுங்க. நின்னுட்டா போச்சு!"

அவர் பிரேக்கை விடவில்லை. "அன்னிக்கு லோரி பின்னால உருண்டிருச்சு மாப்ளே" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "இதே மாதிரி மேடுதான். பின்னால ஆளுங்க உக்காந்திருந்தாங்க. நான்தான் ஓட்டுனேன்."

அதுவரை அவர் அதைச் சொன்னதே இல்லை. முன்பு எங்கேயோ லோரி ஓட்டினார், விட்டுவிட்டார் என்றுதான் எங்களுக்குத் தெரியும். பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல முடியாமல்தான் எண்ணெய் சரியில்லை, எண்ணெய் சரியில்லை என்று இத்தனை நாளும் என் உயிரை வாங்கியிருக்கிறார். மெதுவாகக் கையை எடுத்துத் தொடையின் மேல் வைத்துக்கொண்டார். வண்டி மருந்துக் கொட்டகை வாசலில் போய் நின்றது. துரை தலையாட்டினார். வேலை எங்களுக்கு.

இனி சிவப்புக் கதை ஒழிந்தது என்று நினைத்தேன். மாமா இறங்கிப்போய்ப் பெட்ரோல் டேங்க்கின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"போன வாரம் ஊத்துன உறை அடில கொஞ்சம் நின்னிருக்கு மாப்ளே. அதான் இழுத்துருச்சு."

நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போன தீபாவளிக்குப் பெரியவன் புதுக் காரில் வந்தான். மாமாவை முன்னால் உட்கார வைத்து, எங்களை எல்லாம் சாஆ பக்கம் கூட்டிப்போனான். பெட்ரோல் கடையில், "ஸ்பெஷலா, சாதாவா அப்பா?" என்றான். காரோடு வந்த புத்தகத்தில் எது போடச் சொல்லியிருக்கிறதோ அதைப் போடு, அதற்கு மேல் கொடுப்பது வீண் என்று நான் ஆரம்பிப்பதற்குள், "ஒசத்தியானது போடுப்பா" என்றார் மாமா. படித்த பிள்ளை அதையே போட்டான். "மாமா ஆசப்படறாருப்பா" என்று எனக்குச் சமாதானம் வேறு.

அந்தப் பழைய மேட்டில் இப்போது தார் போட்டிருக்கிறார்கள். கார் ஏறத் தொடங்கியதும், மாமாவின் கை தானாக நடுவில் இருந்த பிரேக் பக்கம் போனது. பெரியவன் கவனிக்கவில்லை. நான் பின் சீட்டிலிருந்து எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை. உச்சி வரும்வரை நானும் விடவில்லை.

"பாத்தீங்களா மாப்ளே, என்னமா இழுக்குது!" என்றார்.

சின்னவளே, அந்தப் போத்தலில் பூ வைக்க வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும்.