எழுப்பாத கடிகாரம்

பல்லேகல அலுவலகத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரை கையேடு எழுதும் ஒரு மிஸ்ஸுடையது. கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் வருவார். மெலிந்த உருவம், பெரிய கண்ணாடி. மின்சாரம் நின்றாலும் கணினிக்குள் ஓடும் சின்னக் கடிகாரத்தை இயங்குதளம் எப்படிக் கையாள்கிறது என்று கையேடு எழுதுவார். தானே செய்து பார்க்காத எதையும் எழுதமாட்டார்.

'அலாரம் வைத்தால், உறங்கும் கணினி விழிக்கும்' என்பதைச் சோதிக்க, நோன்பு மாதத்தில் விடியுமுன் ஸஹர் சாப்பிட எழும்புவதற்கு அதையே நம்பிப் படுத்தார். மறுநாள் வாடிய முகத்தோடு சிரித்துக்கொண்டு வந்தார்.

"ஸஹர் தவறிட்டு. சில கடிகாரத்துல அலாரம் இருக்கும், ஆனா எழுப்பாது."

"போன்லயும் வச்சிருக்கலாமே, மிஸ்?"

"வாசிக்கிறவங்க நான் எழுதுறத மட்டுந்தானே நம்புவாங்க?"

இன்று கையேட்டில், 'சில கடிகாரங்கள் எழுப்பாது' என்றொரு வரி இருக்கிறது. அதற்காக ஒருவர் ஸஹரும் சாப்பிடாமல் பகல் முழுக்க நோன்போடு வேலை செய்தது அதில் இல்லை.