கரண்ட் போனதும் கடை திறப்பவள்

மின்சாரம் போனதும் சந்தே வாய்விட்டுத் திட்டும். நூரிஸ் மட்டும் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொள்வாள். தோள்பையை மாட்டிக்கொண்டு அவள் படியிறங்குவதைப் பார்த்தால் ஏதோ கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவள்போல் இருக்கும். லா வேகா ஊரில் விற்பனைக்கு ஆள் பிடிக்க இதைவிட நல்ல நேரம் ஏது? விசிறி ஓடாது, தொலைக்காட்சித் தொடர் ஓடாது. புழுக்கம் தாங்காமல் வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் நாற்காலிகள் நடைபாதைக்கு வந்துவிடும். போன கரண்ட் திரும்பும்வரை தெரு முழுக்க அவள் கடைதான்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் வெளியே வரமாட்டார்கள். அவர்களை நினைத்தால் நூரிஸுக்குப் பரிதாபம். "பாவம், அவங்களுக்கு வெளிச்சம் இருக்கு, அக்கம்பக்கம் இல்ல" என்பாள்.

அவள் வீட்டு முன்னறை அலமாரியில் ஒரு காலத்தில் அவளுடைய மருமகள் சீதனமாகக் கொண்டுவந்த பீங்கான் இருந்தது. இப்போது கேட்லாக் காட்டி வாசல் வாசலாக விற்கும் கம்பெனி சென்ட்டும் முகப்பூச்சும் இருக்கின்றன. பீங்கான் கட்டிலடிக்குப் போய்விட்டது. விற்கத் தெரியும் என்பதில் அவளுக்குப் பெருமை இல்லை. விற்பது யாருக்கும் வரும் என்பாள். ஆளைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வித்தை. "வாங்குறவள நான் தேடல. வாங்குனத ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறவளத் தேடுறேன்." அதே சந்து மிரேயா ஒரு நாள் மாடிப்படியில் விழுந்த கதையை மூன்று வாசலில் மூன்று விதமாகச் சொன்னாள். மூன்றாவது வாசலில் நூரிஸ் நின்றிருந்தாள். அடுத்த வாரமே மிரேயா கையிலும் கம்பெனி கேட்லாக் இருந்தது. இன்னும் இருவர் சேர்ந்ததும் இப்படித்தான்.

நான்காவதாக ஒருத்தி வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் கிடைத்தால் நூரிஸ் குழுத் தலைவி. கிடைக்காவிட்டால், அவள் கைபிடித்துப் பழக்கிய மூவரையும் வேறு ஊர்த் தலைவி ஒருத்தியின் கீழே மாற்றிவிடுவார்கள். நாத்தனார் யோகாஸ்தா சும்மா இருப்பாளா? "சந்துல இனி மிச்சம் நாயும் பூனையுந்தான் அண்ணி. அதுங்களுக்கு எந்த சென்ட்?" என்று கேட்டாள்.

மிச்சம் ஒருத்தி இருந்தாள். பார்லர் பெல்கிஸ். இரண்டு வருஷத்துக்கு முன் நூரிஸ் அவசரத்தில் ஒரு தப்புப் பண்ணினாள். பார்லருக்குள் போய், கடைக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தலையில் முடி சுருட்டும் ரோலரோடு உட்கார்ந்திருந்த பெண்களிடம் நேராகப் பையைத் திறந்துவிட்டாள். "என் நாற்காலியில உக்காந்தவ என் விருந்தாளி" என்று பெல்கிஸ் வாசலைக் காட்டினாள். அதன்பின் நூரிஸ் அந்தப் பக்கம் எதிர்ச் சாரியில்தான் நடப்பாள்.

சனிக்கிழமை மதியம் கரண்ட் போயிற்று. டிரையர்கள் நின்று, ஈரத் தலையில் ரோலரோடு ஆறேழு பெண்கள் பார்லர் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். முடி காயாமல் வீட்டுக்கும் போகமுடியாது. ஆள் பிடிப்பவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? நூரிஸ் தெருவைக் கடந்தாள். அந்தப் பெண்கள் ஒருத்தியைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேரே பெல்கிஸிடம் போய் ஒரு குப்பியை அவள் கையில் வைத்தாள்.

"உங்க ஆளுங்ககிட்ட நான் வாய் தொறக்கமாட்டேங்கா. தோணுச்சுன்னா நீங்க பேசுங்க."

"இந்தப் புத்தி அன்னிக்கு எங்க போயிருந்துச்சு?"

"வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன்."

பெல்கிஸ் சிரிக்கவில்லை. எதிரே நூரிஸுக்கு ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்தாள். அப்புறம் பக்கத்துப் பெண்ணின் கையை இழுத்து அங்கேயும் தடவினாள். இது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஆகாது, பாதிரியார் பிரசங்கத்தை மறந்துவிடுவார் என்றாள். வாசலே சிரித்தது. குப்பி கைமாறியது. யாருக்கு இது சேரும், யாருக்கு வியர்வையோடு சேர்ந்து புளிக்கும் என்று பெல்கிஸ் ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டே போனாள். அதில் ஒரு இடத்தில் அவள் சொன்னது தப்பு. நூரிஸுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். வாழ்நாளில் அவள் செய்த கடினமான வேலை அதுவாகத்தான் இருக்கும்.

"வந்திருச்சு" என்று தெருக்கோடியிலிருந்து கூச்சல் கிளம்பியது. நாற்காலிகள் உள்ளே ஓடின. தண்ணீர் மோட்டார்கள் இரைந்தன. ரோலர் தலைகள் டிரையருக்கு முந்தின. உள்ளேயிருந்து யாரோ பெல்கிஸைக் கூப்பிட்டார்கள்.

பெல்கிஸ் எழவில்லை. "சுவிட்சு அங்கதானே இருக்கு, போட்டுக்குங்க" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, நூரிஸ் பக்கம் திரும்பினாள். "உன் கம்பெனியில சேர்றதுக்கு நான் என்னடி செய்யணும்?"

நூரிஸ் எழுந்து, தன் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து பெல்கிஸின் தோளோடு தோள் உரசப் போட்டு, அவளைப் போலவே தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.