இறுகாத குழாய்கள்

அலோர்ஸ்டாரில் ஒரு கிளினிக்கில் நான் பிசியோதெரபிஸ்ட். பெண்டாங்கிலிருந்து வந்த அந்தப் பேண்டு வாத்தியக்காரருக்கு ஸ்ட்ரோக்கில் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. இனி ஊத முடியுமா என்பது யாருக்கும் தெரியாது. ஆனாலும் பிரெஞ்ச் ஹார்னை மடியில் வைத்துக்கொண்டுதான் காத்திருப்பார். சுருதியைக் கூட்டிக் குறைக்கும் குழாய்களை, விசையை அழுத்தியபடி ஒவ்வொன்றாக உருவி, பழைய பனியன் துணியால் துடைத்து, கிரீஸ் தடவிச் செருகுவார்.

"அண்ணே, கண்ணாடி முன்னால உதட்டைக் குவிக்கச் சொன்னேனே, செஞ்சீங்களா?"

"இல்ல மிஸ்ஸி."

இது மூன்றாவது முறை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுக்கு மட்டும் தினமும் நேரம் இருக்கா?"

"சும்மா விட்டா இறுகிடும். அப்புறம் இழுத்தாலும் வராது லா."

"உதடும் அப்படித்தாண்ணே."

அவர் ஒரு குழாயை உருவிக் காட்டினார். வழுக்கிக்கொண்டு வந்தது.

"இது வரும்னு தெரியும், இழுக்கிறேன். உதட்டைக் குவிச்சுப் பாத்து, வரலன்னா?"

வாயோரம் வழிந்ததைத் துணியின் சுத்தமான பக்கத்தால் துடைத்துக்கொண்டு, குழாயை உள்ளே தள்ளினார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இன்றும் புதிதாக வருபவர்களிடம் கண்ணாடியை நீட்டும்போது என் கை ஒரு கணம் தயங்குகிறது.