கையைப் பின்னால் கட்டிக்கொண்ட பத்து வாரம்

'ஒரே குத்து' என்று ஒருவருக்குப் பெயர் இருந்தால், ஆள் சந்தையில் சண்டை வளர்க்கிறவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நம் ஒரே குத்து சிஸ்டர் ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. அதட்டிப் பேசினாலும் அடுத்த கட்டிலுக்குக் கேட்காது. பெயர் வைத்தவர்கள் நோயாளிகள். டிரிப்ஸ் ஏற்ற நரம்பு தேடும்போது மற்றவர்கள் இங்கே ஒரு குத்து, அங்கே ஒரு குத்து என்று கையைப் பஞ்சராக்குவார்கள். இவர் வந்தால் ஒன்றோடு முடிந்தது. நீர் வற்றிச் சுருங்கிய கிழவரானாலும் சரி, ஊதிப்போன கையானாலும் சரி, அழுது உருளும் கைக்குழந்தையானாலும் சரி, ஒரே குத்து. இருபத்து நாலு வருஷமாக இந்தப் பெயர் கெடவில்லை.

கெட்டது முழங்கால்தான். வலது கால். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனால், செருப்பைக் கழற்றக்கூட நாற்காலி வேண்டியிருந்தது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே நின்னீங்கன்னா, அப்புறம் நிக்கவே வேண்டியிருக்காது" என்றார். ஜோக் அடித்தாரா, எச்சரித்தாரா என்று சிஸ்டருக்கு வீடு வந்து சேரும்வரை புரியவில்லை.

நர்ஸிங் சூப்பரின்டெண்ட்தான் வழி சொன்னார். நர்ஸிங் பள்ளியில் டியூட்டர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது. நர்ஸ்களை ஆசிரியர்களாக்கும் பயிற்சி ஒன்று நடக்கிறது, பத்து வாரம். கடைசியில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேறினால் உட்கார்ந்து பார்க்கும் வேலை. தேறாவிட்டால் பழைய வார்டு, பழைய நடை, பழைய முழங்கால்.

"சொல்லிக் கொடுக்கிறதுதானே? தூக்கத்துல எழுப்பினாக்கூடச் செய்வேன்" என்று சிஸ்டர் வீட்டில் சொல்லிவிட்டுப் போனார். வாய்க்கொழுப்பு யாரை விட்டது.

பயிற்சி நடத்தும் மேடத்துக்கு சிஸ்டரைவிடப் பத்து வயது குறைவு. மெல்லிய குரல், சட்டைப்பையில் மூன்று நிறத்தில் பேனா. சிஸ்டரையும் சேர்த்துப் பதினொரு நர்ஸ்கள் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு மேஜை, மேஜைமேல் தோள்வரைக்கும் ஒரு ரப்பர் கை. "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சதைப் பத்து நிமிஷம் சொல்லிக் கொடுங்க" என்றார் மேடம். சிஸ்டர் எழுந்து போய், ரப்பர் கையில் பட்டையைக் கட்டி, தடவி, ஊசியை இறக்கி, பிளாஸ்திரியும் ஒட்டிவிட்டுத் திரும்பினார். நாற்பது வினாடி. "அவ்வளவுதான்" என்றார். மிச்சமிருந்த ஒன்பது நிமிஷத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நரம்பு அங்கேதான் இருக்குன்னு எப்படித் தெரிஞ்சது சிஸ்டர்?" என்று கேட்டார் மேடம்.

"தெரியும் மேடம்."

"எப்படி?"

"விரலுக்குத் தெரியும்."

"விரல் வாய் திறந்து பேசாதே. ஸ்டூடண்ட் கேட்டா நீங்கதானே சொல்லணும்?"

சிஸ்டர் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். அது ஒன்றும் சொல்லவில்லை. "யோசிச்சு நாளைக்கு எழுதிக்கிட்டு வாங்க" என்றார் மேடம்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. எழுதிக்கொண்டு போன தாளில் 'நரம்பைத் தொட்டால் நரம்பு போல இருக்கும்' என்று ஒரே வரி இருந்தது. மேடம் அதைக் கிண்டல் செய்யவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நாலு கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். நேரம், ஆசிரியர் செய்வது, மாணவர் செய்வது, மாணவர் கற்றாரா என்று எப்படி அறிவது. சிஸ்டருக்கு இரண்டாவது கட்டம் மட்டும் நிரம்பி வழிந்தது. மற்ற மூன்றும் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தன.

இரண்டாம் வாரம் புது விதி வந்தது. சொல்லிக் கொடுக்கும்போது ஆசிரியரின் கைகள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். சிஸ்டரின் கை நிற்கவில்லை, தானாக முன்னே வந்து, மாணவியாக நடித்த நர்ஸிடமிருந்து ஊசியைப் பிடுங்கிக்கொண்டது. நாலு தடவை. ஐந்தாவது தடவை மேடம் ஒரு ரோலர் பேண்டேஜை எடுத்துக் கொடுத்தார். "இதை ரெண்டு கையாலயும் பின்னால பிடிச்சுக்குங்க." கை போன பிறகு சிஸ்டரிடம் மிஞ்சியது மோவாய். "அங்க... அங்க இல்ல, இங்க... அட, அதுக்குப் பக்கத்துல!" என்று மோவாயாலேயே ரப்பர் கை முழுவதையும் சுற்றிக் காட்டினார். அரைவட்டம் குலுங்கிச் சிரித்தது. மாணவியாக நடித்தவர், பார்ப்பதற்குப் பாவம்போல இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ், போகிற போக்கில் ஒரு குண்டையும் போட்டார்.

"சிஸ்டர், நரம்பு பார்க்கும்போது நீங்க கண்ணை மூடிக்கிறீங்க, தெரியுமா?"

"நானா? கண்ணை மூடிக்கிட்டு யாராவது ஊசி போடுவாங்களா?"

பதினொரு பேரில் மற்ற பத்துப் பேரும் ஒரே குரலில் "மூடுறீங்க" என்றார்கள்.

வீட்டுக்குப் போனால் வீடும் பயிற்சிக் கூடமாகிவிட்டிருந்தது. மகள் "அம்மா, சீப்பு எங்கே?" என்று கேட்டதற்கு, மேடத்தின் வாடை ஒட்டிய வாயால் "எங்க இருக்கும்னு நீ நினைக்கிறே?" என்று கேட்டுவிட்டார். மகள் அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

கணவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறவர். இருபது வருஷமாக இடது பக்க இருக்கையிலேயே ஊரைச் சுற்றியவர். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. கால் எப்பவும் அது மேல இருக்கும், ஆனா அமுக்கக்கூடாது. சும்மாச் சும்மா அமுக்கினா, ஓட்டுறவன் வண்டியை நான்தான் ஓட்டுறேன்னு நினைச்சுடுவான். கத்துக்கவே மாட்டான்."

"எங்க, ஊசிக்கு ரெண்டாவது பிரேக் எங்க இருக்குன்னு காட்டுங்க பார்ப்போம்."

அவர் யோசித்தார். "அது உங்க ஆஸ்பத்திரி பிரச்சினை" என்று கை கழுவப் போய்விட்டார்.

உண்மையான அடி சனிக்கிழமை விழுந்தது. பயிற்சி வாரத்தில் ஐந்து நாள். சனிக்கிழமை வார்டு டியூட்டி. ஏழாம் வாரம், பெண்கள் வார்டில் ஒன்பதாம் கட்டிலில் துணிக்கடை அம்மா ஒருவர், வாந்தியெடுத்து வாடிப்போய்ப் படுத்திருந்தார். "ஒரே குத்து சிஸ்டர் வந்துட்டாங்க, பயமில்ல" என்று கையை நீட்டினார். சிஸ்டர் பட்டையைக் கட்டினார், விரலை வைத்தார். கண் மூடப்போவது தெரிந்தது. மூடாதே என்றார் தனக்குத்தானே. விரல் என்ன செய்கிறது என்று பார்த்தார். அமுக்குகிறதா, தடவுகிறதா? எவ்வளவு அமுக்குகிறது? இதைத் தாளில் எப்படி எழுதுவது? இப்படிப் பார்த்துக்கொண்டே குத்தினார். ரத்தம் வரவில்லை.

மறுபடி குத்தினார். வரவில்லை.

இரண்டு தடவை தவறினால் ஆள் மாற வேண்டும் என்பது வார்டு விதி. அந்த விதியைச் சுவரில் ஒட்டியவரே சிஸ்டர்தான். போன வருஷம் சேர்ந்த நர்ஸ் வந்து போட்டுவிட்டுப் போனாள். "பரவாயில்ல சிஸ்டர், என் நரம்பு அப்படி" என்று துணிக்கடை அம்மா சமாதானம் சொன்னபோதுதான் சிஸ்டருக்கு அழுகை வந்தது. அன்னநடை நடக்கப்போய்க் காகம் தன் நடையையும் மறந்த கதை. ஆசிரியரும் ஆகவில்லை, இருந்த கையும் போயிற்று. இருபத்து நாலு வருஷம் கூடவே இருந்த விரல், யாரோ ஒருவருடைய விரல் மாதிரி இருந்தது. இந்தக் கை இனி திரும்புமா என்று யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை.

திங்கட்கிழமை நேராக மேடத்தின் அறைக்குப் போனார். "எனக்கு இது வேண்டாம் மேடம். என்னை வார்டுக்கே அனுப்பிடுங்க. முழங்கால் போனா போகட்டும், கை போகக்கூடாது."

மேடம் பேனாவை மூடி வைத்தார். "என்னை ஞாபகம் இருக்கா சிஸ்டர்?"

சிஸ்டர் உற்றுப் பார்த்தார். இல்லை.

"மூணாம் வருஷம் உங்க வார்டுலதான் எனக்குப் போஸ்டிங். ஆறு வாரம். ஒவ்வொரு தடவை நான் ஊசியை எடுத்ததும், 'தள்ளு, நான் பார்த்துக்கறேன்'னு வாங்கிக்குவீங்க. பக்கத்துலயே நின்னு பார்த்தேன். நீங்க எத்தனையோ போட்டீங்க. நான் ஒண்ணுகூடப் போடல. அப்புறம் போன வார்டுலயெல்லாம் மூணாம் வருஷத்துக்கு இது தெரியாதான்னு கேட்பாங்களேன்னு பயந்து ஒதுங்கியே நின்னேன். பரீட்சையில முதல் மார்க். சொல்லிக் கொடுக்க வந்துட்டேன். இன்னிக்கு வரைக்கும் எனக்கு ரப்பர் கைதான்."

சிஸ்டருக்கு முதலில் வந்தது கோபம். "அதுக்குத்தான் கையைக் கட்டிப் பழி வாங்குறீங்களா?"

"இல்ல." மேடம் கேள்வி இல்லாமல் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. "உங்ககிட்ட கத்துக்கணும்னு ரொம்ப ஆசையா இருந்தேன். இப்பவும் கத்துக்கல."

சிஸ்டர் வெளியே வந்து நடைவழியில் பெஞ்சில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. ஆனால் அதோடு ஒரு வழக்கும் மனசுக்குள் ஓடியது. வலியில் துடிக்கிறவர் கையில் பழகட்டும் என்று நான் எப்படி விட முடியும்? தள்ளு என்றது தப்பா? நோயாளிக்கு அது நல்லதுதானே? அந்தப் பெண்ணுக்கு அது கெட்டதுதானே? இரண்டும் சரியாக இருந்தால் நான் என்ன செய்திருக்க வேண்டும்? எத்தனை பேரைத் தள்ளினேன்? ஒரு முகமாவது ஞாபகம் வருகிறதா என்று பார்த்தார். தள்ளி நிற்கிறவர்களின் முகத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

பயிற்சியை விட்டு வார்டுக்குத் திரும்பிப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவருக்கே விளங்கவில்லை.

பத்தாம் வாரம், கடைசிப் பாடம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், வாய் திறக்காத மனிதர், கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினைந்து நிமிஷம். சம்மதம் இருந்தால், உடன் படிக்கிறவர் கையிலோ, தன் கையிலோ செய்துகாட்டலாம் என்பது பள்ளி விதி. மாணவியாகத் தீவிர சிகிச்சை நர்ஸ் எழுந்தார். சிஸ்டர் அவரை உட்காரச் சொன்னார்.

"இன்னிக்கு ஸ்டூடண்ட் மேடம்தான். வாங்க மேடம்."

மேடத்தின் முகம் வெளிறியது. தேர்வாளரைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார். சிஸ்டர் ரப்பர் கையை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் இடது கையை மேஜைமேல் வைத்தார். வலது கை பேண்டேஜைப் பிடித்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் போயிற்று.

மேடம் கையுறை மாட்டி, பட்டையைக் கட்டி, விரலை வைத்தார். சிஸ்டர் கண்ணை மூடினார். இருபத்து நாலு வருஷத்தில் இன்னொருவர் விரல் தன் நரம்பைத் தேடுவதை அவர் கவனித்ததே இல்லை. கவனித்ததும், அவர் எதிர்பார்க்கவே இல்லை, வாயில் வார்த்தை வந்துவிட்டது.

"தேய்க்காதீங்க. தேய்ச்சா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அமுக்குங்க... இப்ப விடுங்க. அவ்வளவு வேகமா எடுக்காதீங்க. மெதுவா. விரலை எடுக்கும்போது கீழ இருந்து ஏதாவது கூடவே எழும்பி வருதா?"

"இல்ல."

"அப்ப அது தசைநார். கொஞ்சம் உள்பக்கம் வாங்க. மறுபடி."

நேரம் போயிற்று. மேடம் ஊசியை இறக்கினார். சுரீரென்றது, ரத்தம் வரவில்லை. ஊசியை நகர்த்திப் பார்த்தார், வலி தோள்வரை ஏறியது, தோல் உப்பிக்கொண்டு வந்தது. மேடம் நிமிர்ந்து சிஸ்டரைப் பார்த்தார். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு மூன்றாம் வருஷப் பெண் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள். சிஸ்டருக்கு நாக்கு நுனியில் 'தள்ளு' நின்றது. வலது கை இடுப்பைத் தாண்டி முன்னே வந்துவிட்டது. பேண்டேஜ் தரையில் உருண்டு ஓடியது.

கை அங்கேயே நின்றது. பிறகு வெறுங்கையாகப் பின்னால் போயிற்று.

"பட்டையை அவிழ்த்துட்டு ஊசியை எடுங்க. பஞ்சு வைங்க. நல்லா அமுக்கிக்குங்க," என்றார் சிஸ்டர். "இன்னொரு தடவை இருக்கு. இன்னும் மேல தேடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

தேர்வாளருக்கு அவசரம் இருந்தது, கடிகாரத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். மேடம் பட்டையை மறுபடி கட்டி, புது ஊசி எடுத்தார். விரல் இந்தத் தடவை தேய்க்கவில்லை. அமுக்கியது, விட்டது, அமுக்கியது, விட்டது. ஓரிடத்தில் நின்றது. சிஸ்டர் மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்தார். மேடம் கண்ணை மூடியிருந்தார்.

ஊசி இறங்கியது, அதன் பின்புறக் குழலில் சிவப்பு ஏறியது.

சிஸ்டர் தேறினாரா என்று கேட்பீர்கள். நேரம் ஏழு நிமிஷம் கடந்ததற்கு மார்க் போயிற்று, பேண்டேஜை நழுவவிட்டதற்கும் போயிற்று. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்கிற கணக்கில் தேறினார். வார்டில் அவர் கை திரும்பி வந்ததா என்றால், சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. அதெல்லாம் பிற்பாடு. அந்த நிமிஷத்தில் அவர் தன் கையில் ஏறியிருந்த ஊசியையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்படித் தெரிஞ்சது மேடம், அங்கேதான் இருக்குன்னு?"

மேடம் தன் விரலைப் பார்த்தார். மூன்று பேனாவும் பையில் இருந்தன, ஒன்றும் உதவவில்லை. கண்ணில் நீர் கட்டி நின்றது.

"தெரியல சிஸ்டர்."

"பரவாயில்ல," என்றார் ஒரே குத்து சிஸ்டர். "யோசிச்சு நாளைக்கு எழுதிக்கிட்டு வாங்க."