மிஸ் அனுப்பச் சொன்ன கடிதம்

பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றைத் தாள் அது. ஓரத்தில் சேற்று விரல் அடையாளம். "பின்னுக்குப் பார்க்காமல் ரிவேர்ஸ் எடுத்தது என் பிழை" என்று ஒரு டிப்பர் சாரதி எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார். எங்கள் காப்புறுதிக் கிளையில் எத்தனையோ வருடம் இழப்பீட்டுப் பிரிவில் இருந்த எனக்கு அப்படியொரு தாள் ஒருநாளும் கிடைத்ததில்லை. எல்லோரும் 'மிஸ்' என்று அழைக்கும் என் சக ஊழியருக்குக் கிடைத்தது.

அவர் சுனாமிக்குப் பிறகு எங்களிடம் வேலைக்கு வந்தவர். கல்லடியில் சொந்த வீட்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, முகாமில் இருந்தபடியே மற்றவர்கள் இழந்த தோணி, வலை, தையல் மெஷின் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் சனங்கள் என் மேசையைத் தாண்டி அவரிடமே போனார்கள். "மிஸ் இல்லையா சேர்? அப்ப நாளைக்கு வாறன்" என்று திரும்பிப் போகிறவர்களைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

யுத்தம் முடிந்து வீதிகள் போடத் தொடங்கிய காலம். கல் ஏற்றி வந்த டிப்பர் ஒன்று, எங்களிடம் காப்புறுதி செய்திருந்த வவுணதீவு வேளாண்மைக்காரர் ஒருவரின் உழவு மெஷினை நசுக்கிவிட்டது. மிஸ் அன்றே ஸ்கூட்டியில் போய்ப் படம் எடுத்து, சாரதியிடம் அந்தத் தாளையும் வாங்கி வந்தார். கம்பனி வேளாண்மைக்காரருக்கு இழப்பீடு கொடுத்தது. இனி அவருடைய இடத்தில் கம்பனி நின்று டிப்பர் முதலாளியிடம் அதை அறவிட வேண்டும். அதற்குள் வேளாண்மைக்காரர் முதலாளியோடு தனியாகச் சமாதானமாகிவிட்டால், கம்பனியின் அந்த உரிமை கெட்டு, அவர் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க நேரும். இதை அவருக்கு விளக்கும் கடிதத்தை என்னிடம் தந்துவிட்டு, தாயின் சத்திரசிகிச்சைக்காக மிஸ் கொழும்புக்குப் போனார். "சேர், இண்டைக்கே போட்டிருங்க" என்றார்.

அன்று காலைதான் மனேஜர் எல்லோர் முன்னிலும் அவரைப் புகழ்ந்திருந்தார். கடிதத்தை என் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். அவருடைய ஒரு ஃபைலாவது பிழையாய்ப் போகட்டும் என்று நினைத்தேன். அந்த வேளாண்மைக்காரரை நினைக்கவேயில்லை.

சில வாரங்களில் அவர் வந்தார். "முதலாளி ரெண்டு டயர் தந்தார் சேர். இனி ஒரு பிரச்சினையும் இல்லையெண்டு கடுதாசில கையெழுத்துக் கேட்டார். வெச்சிட்டன். பிழையா?" கம்பனி கொடுத்த காசில் வாங்கிய புது மெஷின் அப்போது வயல் வட்டையில் உழுதுகொண்டிருந்தது. அதை விற்றால்தான் அவரால் கம்பனிக்குத் திருப்பிக் கொடுக்க முடியும்.

மிஸ் திரும்பி வந்து ஃபைலைத் திறந்தார். "கடிதம் போகல்லையா சேர்?"

"மறந்து போச்சு."

பூட்டிக் கிடந்த என் லாச்சியைப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்தார். கம்பனி இழப்பீடு கொடுத்த நாளிலேயே முதலாளியிடம் நேரில் போய், உரிமை இனி எங்களுடையது என்று எழுத்தில் அறிவித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். அது தெரிந்தபிறகு முதலாளி எழுதி வாங்கிய கடுதாசி செல்லாது என்றார் எங்கள் சட்டத்தரணி. முதலாளி காசைக் கட்டினார். மெஷின் தப்பியது. மிஸ்ஸின் அறிக்கையில் 'கிளைக் கடிதம் தாமதமாயிற்று' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நான் ஆறுதல்பட்டிருக்க வேண்டும். என் துரோகத்தால்கூட அவர்மேல் ஒரு கீறல் விழவில்லையே என்றுதான் எரிந்தேன்.

மறுவாரம் வேளாண்மைக்காரர் நேராக என் மேசைக்கு வந்து, வாவி நண்டு நிறைந்த பையொன்றை வைத்தார்.

"சேர்தான் நிண்டு முடிச்சுக் குடுத்ததாம். மிஸ் சொன்னாங்க."

அங்கே மிஸ் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். "என்னத்துக்கு இதெல்லாம்" என்பது மட்டும்தான் வந்தது. பைக்குள் நண்டுகள் உயிரோடு பிறாண்டிக்கொண்டிருந்தன. அதை எடுத்து என் காலடியில் வைத்துக்கொண்டேன்.